கண்ணில் பறக்கும் பூச்சி

நுழையும்முன்

தெளிந்த வானத்தையோ வெள்ளைச் சுவரையோ நோக்கும்போது நூலிழை போலவும் மணிச்சரம் போலவும் ஏதோ ஒன்று கண்முன் மிதந்து செல்வதைப் பலரும் கண்டிருப்பர். உற்றுநோக்க முயன்றால் அது விலகி ஓடும். விட்டுவிட்டால் மெல்ல மிதந்து வரும். அது என்ன? அதைக் கண்டு அஞ்ச வேண்டுமா? அஞ்ச வேண்டுமெனில் எப்போது? இவ்வினாக்களுக்கு விடை காண்கிறது இப்பாடம்.

வெளியில் இல்லாத பூச்சி

‘கண்ணில் பூச்சி பறக்கிறது’ என்பது தமிழ் மக்களின் பேச்சில் வழங்கும் தொடர். பசியின் கடுமையையும் களைப்பின் மிகுதியையும் உணர்த்த இதனைக் கூறுவர். உடல்நலத்தோடு இருக்கும் ஒருவர் நல்ல வெளிச்சத்தில் காணும் புள்ளிகளையும் இழைகளையும் குறிக்கவும் இதே தொடர் பயன்படுகிறது. பசி மயக்கத்தில் தோன்றுபவை கண நேரத்தில் மறைந்துவிடும். இவையோ நாள்தோறும் தோன்றுவன. இலத்தீன் மொழியில் இவற்றுக்கு வழங்கும் பெயரும் ‘பறக்கும் ஈக்கள்’ என்னும் பொருளுடையதே. தொடர்பில்லாத இரு மொழியினருக்கு ஒரே உவமை தோன்றியிருப்பது வியப்பளிக்கிறது.

ஆனால், இந்தப் பூச்சி வெளியே பறப்பதில்லை. இதனை எளிதில் அறியலாம். சுவரில் அமர்ந்திருக்கும் ஈ, நாம் பார்வையை வேறு பக்கம் திருப்பினாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். கண்ணில் பறக்கும் பூச்சியோ பார்வை செல்லும் திசையெல்லாம் உடன்செல்லும். பார்வை ஓரிடத்தில் நிலைத்த பின்னும் சற்றே அசைந்து, பிறகுதான் அடங்கும். குடத்தைச் சுழற்றி நிறுத்திய பின்னும் உள்ளிருக்கும் நீர் சுழன்றுகொண்டிருப்பதை ஒத்தது இது. கண் நின்றாலும் கண்ணுக்குள் இருப்பது உடனே நிற்பதில்லை. எனவே, நாம் காண்பது வெளியுலகப் பொருளன்று. கண்ணின் உள்ளே மிதக்கும் ஒன்றின் நிழல். மருத்துவர்கள் இதனை ‘மிதவை’ என்பர்.

கண்ணின் உட்புறம்

வளர்ந்த மனிதரின் விழிக்கோளம் ஏறத்தாழ 24 மில்லிமீட்டர் விட்டமுடையது. அதன் முன்புறத்தில் ஒளியை உள்ளே செலுத்தும் கார்னியாவும் அதனை அடுத்துக் கண்பாவையும் லென்சும் உள்ளன. பின்புறச் சுவரில் விழித்திரை படர்ந்துள்ளது. அரை மில்லிமீட்டருக்கும் குறைவான தடிப்புடைய இம்மெல்லிய திரைதான் ஒளியைப் பெற்று மூளைக்குச் செய்தியாக அனுப்புகிறது.

லென்சுக்கும் விழித்திரைக்கும் இடைப்பட்ட வெளி வெற்றிடமன்று. விழியின் கொள்ளளவில் ஐந்தில் நான்கு பங்கை நிறைக்கும் தெளிந்த கூழ் போன்ற பொருள் அங்குள்ளது. அதனை விழிக்கூழ்மம் எனலாம். அதன் அளவு ஏறக்குறைய 4 மில்லிலிட்டர். ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. அதில் 98 விழுக்காட்டிற்கும் மேல் தண்ணீரே. எஞ்சிய சிறுபகுதியில் கொலாஜன் என்னும் நுண்ணிழைகளும் நீரைப் பிடித்துவைக்கும் ஹையலுரானிக் அமிலமும் உள்ளன. இவ்விரண்டும் ஒழுங்காக அமைந்திருக்கும்வரை கூழ்மம் பளிங்குபோல் தெளிவாக இருக்கும்.

ஆண்டுகள் செல்லச்செல்லக் கூழ்மத்தின் சில பகுதிகள் நீர்த்துப்போகின்றன. தனித்தனியே பரவியிருந்த நுண்ணிழைகள் ஒன்றோடொன்று சேர்ந்து திரிகளாகவும் முடிச்சுகளாகவும் மாறுகின்றன. ஒளி உள்ளே வரும்போது அத்திரிகளின் நிழல் விழித்திரையில் விழுகிறது. அந்நிழலே நாம் காணும் புள்ளி, இழை, வளையம், சிலந்திவலை எல்லாம்.

தெரிந்து தெளிவோம்

‘மித’ என்னும் வினையடியாகப் பிறந்த பெயர்ச்சொல் ‘மிதவை’. தெப்பத்தைக் குறிக்கும் இச்சொல், சங்க இலக்கியத்தில் கூழ் போன்ற உணவையும் குறித்தது. கண்ணிலுள்ள கூழில் மிதப்பதற்கு ‘மிதவை’ என்னும் பெயர் இருவகையாலும் பொருந்தி நிற்கிறது.

ஒளியில் தோன்றும் நிழல்

மிதவைகள் எப்போதும் உள்ளேயே இருப்பினும் எப்போதும் தெரிவதில்லை. மரங்கள் அடர்ந்த தோப்பையோ கூட்டம் நிறைந்த தெருவையோ பார்க்கும்போது அவை புலப்படுவதில்லை. வானம், வெள்ளைச் சுவர், வெற்றுத்தாள், ஒளிரும் திரை ஆகிய ஒரே நிறப் பின்னணியில்தான் நன்கு தெரிகின்றன. எழுத்தோ கோடோ இல்லாத தாளில் சிறு கறையும் கண்ணில் படுவதுபோல என்று இதனைக் கொள்ளலாம்.

மற்றொரு காரணமும் உண்டு. மிகுந்த வெளிச்சத்தில் கண்பாவை சுருங்குகிறது. சிறு துளை வழியே வரும் ஒளி கூர்மையான நிழலை உண்டாக்கும். பெரிய குழல்விளக்கின் கீழ் நம் விரலின் நிழல் மங்கியும், சிறு விளக்கின்முன் தெளிவாகவும் விழுவதை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். கைப்பேசித் திரையை நெடுநேரம் பார்ப்பதால்தான் மிதவை உண்டாயிற்று என்று சிலர் கருதுவர். திரை மிதவைகளை உண்டாக்குவதில்லை. முன்பே இருப்பவற்றை வெளிப்படுத்திக் காட்டுகிறது.

இங்கு ஒரு வினா எழலாம். விழித்திரையின்மீது இரத்தக்குழாய்களும் படர்ந்துள்ளன. அவற்றின் நிழலும் திரையில் விழுகிறது. அது ஏன் நமக்குத் தெரிவதில்லை? அந்நிழல்கள் என்றும் ஒரே இடத்தில் அசையாமல் விழுகின்றன. மாறாத ஒன்றைப் பற்றி நாளும் அறிவிப்பது வீண் என்று காட்சியமைப்பு அதனை விலக்கிவிடுகிறது. பார்வையை ஒரு புள்ளியில் அசையாது நிறுத்தினால் ஓரத்திலுள்ள உருவங்கள் மெல்ல மறைவதைச் சுவிட்சர்லாந்து மருத்துவர் டிராக்ஸ்லர் 1804ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார். மிதவைகள் அசைவதால்தான் தெரிகின்றன. மிதவையோடு வாழக் கற்பதற்கான திறவுகோலும் இவ்வுண்மையில்தான் அடங்கியுள்ளது.

யாருக்குத் தோன்றும்?

ஐம்பது வயதைக் கடந்தோரிடம் மிதவைகள் பரவலாகக் காணப்படுகின்றன. அவ்வயதை ஒட்டிக் கூழ்மம் சுருங்கி, விழித்திரையிலிருந்து தானே பிரிகிறது. நரைபோல இதுவும் முதுமையின் இயல்பே. கிட்டப்பார்வை உடையவர்களுக்கு இம்மாற்றங்கள் சற்று முன்னரே நிகழும். அவர்களது விழிக்கோளம் நீண்டிருப்பதால் கூழ்மம் விரைவில் நீர்த்துவிடுகிறது. விழித்திரையும் இழுபட்டு மெலிந்திருக்கும். எனவே, கண்ணாடி அணியும் மாணவர் ஒருவர் பதினாறு வயதில் மிதவையைக் காண்பது புதுமையன்று. கண்ணில் பந்து பட்டோர், கண்புரை அறுவை செய்துகொண்டோர், கண்ணின் உட்புறத்தில் அழற்சி உடையோர் ஆகியோருக்கும் இவை தோன்றலாம். நெடுநாள் நீரிழிவு உடையோருக்கு விழித்திரையின் குழாய்களிலிருந்து குருதி கசிந்து, அதுவே மிதவையாகத் தோன்றுவதும் உண்டு.

வரைந்து காட்டிய ஓவியர்

‘அலறல்’ என்னும் ஓவியத்தால் உலகப்புகழ் பெற்றவர் நார்வே நாட்டு எட்வர்ட் மூங்க். 1930ஆம் ஆண்டில், தம் 66ஆம் வயதில், அவருடைய வலக்கண்ணின் உள்ளே குருதிக்கசிவு ஏற்பட்டது. இடக்கண்ணின் பார்வை முன்னரே குன்றியிருந்தது. பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவருக்கு இதனினும் பெரிய இடர் வேறில்லை. பார்வையை மறைத்த கரும்புள்ளிகளும் வட்டங்களும் நீண்ட அலகுடைய பறவை போன்ற உருவமும் அவர்முன் மிதந்தன.

மூங்க் அவற்றைக் கண்டு முடங்கிவிடவில்லை. தம் கண்ணுக்குள் தெரிந்ததைத் தாளில் வரையத் தொடங்கினார். கசிந்த குருதி நாளடைவில் கரையக்கரைய, மாறிவந்த வடிவங்களையும் தொடர்ந்து பதிவு செய்தார். கண் மெல்லத் தேறியது. 1944இல் மறையும் காலம்வரை அவர் ஓவியம் தீட்டினார்.

அவரது துணிவைப் போற்றுவதோடு நாம் நின்றுவிடலாகாது. தமக்குள் நிகழ்வதை அவர் ஓர் ஆய்வாளரைப் போல நோக்கினார். எந்தக் கண், எவ்வடிவம், நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன வேறுபாடு என்று குறித்துவைப்பது ஓவியருக்கு மட்டும் உரியதன்று. மிதவை உடைய எவருக்கும் அது பயன்படும். மருத்துவருக்கு அதனினும் பயன்படும்.

மூன்று அறிகுறிகள்

மிதவைகளுள் பெரும்பாலானவை தீங்கற்றவை. ஆயினும், மிகச் சிலவற்றின் பின்னே பேரிடர் ஒன்று மறைந்திருக்கும். பிரியும் கூழ்மம், தான் இறுகப் பற்றியிருக்கும் இடத்தில் விழித்திரையை இழுத்துக் கிழித்துவிடக்கூடும். திடீரென்று புதிய மிதவைகள் தோன்றி மருத்துவரை நாடுவோருள் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு இத்தகைய கிழிசல் காணப்படுகிறது. கிழிசலின் வழியே நீர் புகுந்தால், சுவரிலிருந்து உரியும் சுண்ணாம்புப் பூச்சைப்போல விழித்திரை விலகத் தொடங்கும். விலகிய திரை நெடுநேரம் அவ்வாறே இருந்தால் அதன் ஒளியுணர் செல்கள் மடிந்துவிடும்.

இதனை உணர்த்தும் அறிகுறிகள் மூன்று.

ஒன்று, புதிய மிதவைகள் திடீரெனப் பெருகுதல். புகை பரவியது போலவோ, கரித்தூளை அள்ளித் தூவியது போலவோ தோன்றும்.

இரண்டு, ஒளி வெட்டுகள். இருளிலும் கண்ணின் ஓரத்தில் மின்னல் கீற்று தெரியும். விழித்திரைக்குத் தெரிந்த மொழி ஒளி ஒன்றே. அதனை எது இழுத்தாலும் அது ஒளியென்றே மூளைக்கு உரைக்கும்.

மூன்று, பார்வையின் ஒரு புறத்திலிருந்து திரை இழுத்தாற்போல் நிழல் படர்தல். விழித்திரையில் உருவம் தலைகீழாக விழுவதால், மேற்பகுதி விலகினால் நிழல் கீழிருந்து எழும். கீழ்ப்பகுதி விலகினால் மேலிருந்து இறங்கும்.

இவற்றுள் எது தோன்றினாலும் அன்றே கண் மருத்துவரைக் காண வேண்டும். ‘நாளை பார்க்கலாம்’ என்னும் சொல்லுக்கு இங்கு இடமில்லை. மக்கள் காலம் தாழ்த்துவதற்கு முதற்காரணம் வலி இன்மை. விழித்திரைக்கு வலியுணரும் நரம்புகள் இல்லை. கண் சிவப்பதுமில்லை, நீர் வடிவதுமில்லை. பல் வலித்தால் விடியும்வரை பொறுக்காத நாம், வலியின்றிப் பறிபோகும் பார்வையை வாரக்கணக்கில் பொறுத்திருக்கிறோம்.

இவ்விடத்தில் மாணவர்களுக்கு ஒரு கடமை உண்டு. வீட்டிலுள்ள பாட்டியோ தாத்தாவோ ‘கண்ணில் பூச்சி பறக்கிறது’ என்றால், ‘வயதானால் அப்படித்தான்’ என்று கடந்துவிடாதீர்கள். ‘எப்போதிலிருந்து? மின்னல் தெரிகிறதா? ஒரு பக்கம் மறைக்கிறதா?’ என்று கேளுங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கச் சொல்லுங்கள். இரு கண்ணும் திறந்திருக்கையில் ஒரு கண்ணின் குறையை மற்றொன்று மறைத்துவிடும். விடையில் ஐயம் தோன்றினால், திருவிழா முடியட்டும், அறுவடை முடியட்டும் என்று அவர்கள் கூறினாலும் இசையாதீர்கள். நீரிழிவு உடையவரெனில் இரட்டை விழிப்பு வேண்டும்.

மருத்துவம் வளர்ந்த வரலாறு

உயிருள்ள மனிதரின் கண்ணுக்குள் நிகழ்வதைக் காண நெடுங்காலம் வழியில்லாதிருந்தது. செருமானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851ஆம் ஆண்டில் விழி உள்நோக்கியை உலகிற்கு அறிவித்தார். அன்றுமுதல் விழித்திரை மருத்துவரின் கண்ணுக்குப் புலனாயிற்று. ஆயினும், விலகிய விழித்திரையை மீட்கும் வழி அப்போதும் தெரியவில்லை. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சுவிட்சர்லாந்தின் லோசான் நகர மருத்துவர் ஜூல் கோனின், விலகலுக்குக் காரணம் கிழிசலே என்றும் கிழிசலை அடைத்தால் திரை மீண்டும் ஒட்டும் என்றும் மெய்ப்பித்தார். 1970ஆம் ஆண்டை ஒட்டி, அமெரிக்காவின் மயாமி நகரில் பணியாற்றிய ராபர்ட் மாகெமர், கண்ணின் பக்கவாட்டில் சிறு துளையிட்டு விழிக்கூழ்மத்தை அகற்றும் அறுவை முறையை உருவாக்கினார்.

இன்று கிழிசல் அளவிலேயே கண்டறிந்தால், அதனைச் சுற்றி லேசர் கதிரால் ஒட்டவைத்துத் திரை விலகாமல் தடுக்க முடியும். பெரும்பாலும் மருத்துவமனையில் தங்க வேண்டிய தேவையும் இராது. விலகிய பின்னர் வந்தால் பெரிய அறுவை தேவைப்படும். பார்வை முழுவதும் திரும்புமென்ற உறுதியும் இல்லை. சில நாள் தாமதம் இவ்விரண்டிற்கும் இடையிலான தொலைவாகிவிடுகிறது. தமிழ்நாட்டில் இத்தகைய மருத்துவத்திற்கு நெடிய மரபுண்டு. 1819ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கப்பட்டு இன்று எழும்பூரில் இயங்கும் அரசு கண் மருத்துவமனை, உலகின் தொன்மையான கண் மருத்துவமனைகளுள் ஒன்று.

ஆய்வின்போது கண்பாவையை விரிக்கும் சொட்டுமருந்து இடுவர். அதன்பின் சில மணிநேரம் பார்வை மங்கும், வெளிச்சம் கூசும். அன்று வண்டி ஓட்டக்கூடாது. துணையோடு செல்வது நலம். முதல் ஆய்வில் குறை ஏதும் இல்லையெனினும், சில வாரங்களுக்குப்பின் மீண்டும் வரச் சொன்னால் தவறாது செல்ல வேண்டும். கூழ்மம் பிரியும் செயல் ஒரே நாளில் முடிவதில்லை.

மிதவைகளோடு வாழ்தல்

‘அஞ்ச வேண்டியது ஒன்றுமில்லை’ என்று மருத்துவர் கூறிய பின்னும் மிதவைகள் அங்கேயே இருக்கும். அவற்றைக் கரைப்பதாக மெய்ப்பிக்கப்பட்ட சொட்டுமருந்தோ உணவோ கண்பயிற்சியோ இல்லை. அவ்வாறு கூறும் விளம்பரங்களை நம்பிப் பொருளையும் காலத்தையும் இழத்தல் கூடாது. கூழ்மத்தை அகற்றும் அறுவை உண்டெனினும், கண்புரையும் விழித்திரை விலகலும் அதனால் நேரக்கூடும் என்பதால், அன்றாட வாழ்வே தடைபடுவோருக்கு மட்டுமே மருத்துவர்கள் அதனை எண்ணிப்பார்ப்பர்.

மற்றையோர் செய்யத்தக்கவை எளியவை. படிக்கும்போது மிதவை எழுத்தை மறைத்தால் விழிகளை மேலும் கீழும் மெல்ல அசைக்கலாம். கூழ்மம் அசைந்து, மிதவை பார்வைக்கோட்டிலிருந்து விலகும். திரையின் ஒளியை அறையின் வெளிச்சத்திற்கு ஏற்பக் குறைக்கலாம். கரும்பின்னணியில் வெள்ளெழுத்தாக மாற்றிக்கொள்ளலாம். வெயிலில் செல்லும்போது நிறக்கண்ணாடியோ தொப்பியோ அணியலாம். மாதம் ஒருமுறை ஒவ்வொரு கண்ணாக மூடி, வெள்ளைச் சுவரை நோக்கி, மிதவைகளின் வடிவையும் எண்ணிக்கையையும் குறிப்பேட்டில் எழுதலாம். மாற்றத்தை அறிய அது உதவும். அதற்குமேல் நாள்தோறும் அவற்றைத் தேடித்தேடிப் பார்த்தல் வேண்டா.

தேடுவதே தொல்லையைப் பெருக்குகிறது. சுவர்க்கடிகாரத்தின் ஓசை அறையில் எப்போதும் இருக்கிறது. கேட்கவேண்டும் என்று செவிசாய்த்தால் மட்டுமே அது பெரிதாக ஒலிக்கிறது. மிதவையும் அத்தகையது. அஞ்சி நோக்குவோருக்கு மனம் அதனையே முன்னிறுத்தும். பொருட்படுத்தாதோருக்குச் சில மாதங்களில் அதனைப் பின்னுக்குத் தள்ளிவிடும். பல மிதவைகள் காலப்போக்கில் பார்வைக்கோட்டிலிருந்து விலகிக் கீழே தங்கிவிடுவதும் உண்டு. இதனால் உறக்கமும் படிப்பும் கெடும் அளவிற்குக் கவலை மிகுந்தால், பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ மருத்துவரிடமோ மனம்விட்டுப் பேச வேண்டும். பிறர் கண்ணுக்குத் தெரியாத தொல்லை என்பதால் அது பொய்யாகிவிடாது.

எதனைப் பொருட்படுத்தாது விடுவது, எதற்கு ஓடோடிச் செல்வது என்று பிரித்தறிவதே உடல்நலக் கல்வியின் பயன். பழகிய மிதவையைப் பறக்க விட்டுவிட்டு நூலை விரித்துப் படிக்கலாம். புதிய மிதவைகள் மின்னலோடும் நிழலோடும் வந்தால் நூலை மூடிவைத்து மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இவ்விரண்டையும் அறிந்த ஒருவர் இருக்கும் வீட்டில், வலியின்றி வரும் அந்த இழப்பு தடுக்கப்படும் வாய்ப்பு மிகுதி.

கலைச்சொல் அறிவோம்

விழிக்கூழ்மம் – விட்ரியஸ்
விழித்திரை – ரெட்டினா
மிதவைகள் – ஃப்ளோட்டர்ஸ்
விழி உள்நோக்கி – ஆப்தல்மாஸ்கோப்
கிட்டப்பார்வை – மயோப்பியா

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலும் தெருவிலும் உள்ள முதியோரிடம் கண் ஆய்வு செய்துகொண்ட பட்டறிவைக் கேட்டறிந்து வகுப்பறையில் பகிர்க.
2. விழித்திரை விலகலின் மூன்று அறிகுறிகளை எளிய தமிழில் எழுதிப் பள்ளி அறிவிப்புப் பலகையில் இடம்பெறச் செய்க.
3. ‘கண்’ என்னும் சொல் இடம்பெறும் மரபுத்தொடர்கள் பத்தினைத் தொகுத்துப் பொருள் எழுதுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. விழித்திரையின் இரத்தக்குழாய் நிழல் நமக்குத் தெரியாமைக்குக் காரணம்
அ) அது மிகச் சிறியது ஆ) அது அசைவதில்லை இ) அது நிறமற்றது ஈ) அது இரவில் மட்டும் விழும்

2. விழித்திரையின் மேற்பகுதி விலகினால் நிழல் தோன்றும் திசை
அ) மேலிருந்து ஆ) வலமிருந்து இ) கீழிருந்து ஈ) இடமிருந்து

குறுவினா

1. ‘மிதவை’ – பெயர்ப்பொருத்தத்தை விளக்குக.
2. விழித்திரை விலகலை மக்கள் உணராது காலம் தாழ்த்துவது ஏன்?

சிறுவினா

1. மிதவைகள் வெளியுலகப் பொருள்கள் அல்ல என்பதை எவ்வாறு அறியலாம்?
2. எட்வர்ட் மூங்கின் செயலிலிருந்து நாம் கற்றுக்கொள்வன யாவை?

நெடுவினா

‘விட்டுவிட வேண்டிய நேரமும் விரைந்து செல்ல வேண்டிய நேரமும் உண்டு’ – மிதவைகளை முன்வைத்து இக்கூற்றைக் கட்டுரையாக்குக.